ஐந்துக்கு முன்னால் ஓர் ஒன்று

முதுநகரில் மின்சாரம்
நாளுக்கு ஏழு தடவை போய்வரும்.
ஐஸ் ஆலைக் கணினியில்
அதிகம் பார்க்கப்பட்ட படம் எதுவென்றால்
கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டம்,
நான்கு வரி,
எதைக் கிளப்பட்டும் என்று கேட்டு நிற்கும் முகப்பு.
அதையாவது பார்க்கிற மாதிரி செய்வோம் என்றேன்.
'பூட் மெனுவுக்குப் பொட்டு வைக்கிறியா'
என்று சிரித்தான் பெலிக்ஸ்.

யாரோ கட்டிய லினக்ஸ்.
நாங்கள் பிரித்தோம், வேண்டாததைக் கழித்தோம்,
மீன் எடை, ஐஸ் கணக்கு, தமிழ்த் தட்டச்சு சேர்த்து
மறுபடி மூட்டினோம்.
அவர்களுடைய சின்னத்தை எடுத்துவிட வேண்டும்,
விதி அப்படி.
நன்றியை எடுக்கச் சொல்லி விதியில்லை;
அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி விட்டுவைத்தோம்.
பெயர் மட்டும் எங்களுடையது:
கெடிலம்.

முதல் இரவு
பின்னணியில் துறைமுகத்து விடியலைப் போட்டேன்.
நானே எடுத்த படம்.
நான்கு வரியும் வானத்தில் கரைந்துபோயின.
அடுத்தது கலங்கரை விளக்கம்;
அதன் விளக்கின் மேல் கச்சிதமாய் வந்து உட்கார்ந்தது
'அணை'.
படமே வேண்டாம், ஒற்றை நிறம் போதும் என்று
மீன்பெட்டியின் நீலத்தைத் தேடினேன்,
வெயில் தின்று மிச்சம் வைத்த நீலம்.
ஆறு இலக்கக் குறியீட்டில் அது அகப்படவில்லை.
ஒரு பெட்டியையே தூக்கிவந்து
திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி
ஒவ்வோர் எண்ணாய் இறக்கினேன்.
அறை இரண்டு நாள் நாறியது.

பிறகு எழுத்துரு.
முழுதாய் விழிக்கும் முன்
கணினிக்குத் தமிழ் அரைகுறை.
புள்ளியைத் தலையில் வைக்கிறது,
காலைச் சரியாய் ஊன்றுகிறது,
கொம்பைக் கண்டால் மிரள்கிறது.
ககரத்துக்கு முன் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு
பின்னால் போய்
டகரத்தை முட்டிக்கொண்டு நின்றது.
கெடிலம் தடம் மாறியிருந்தது.
அந்த ஆறு முன்பொரு தரம்
நிஜமாகவே அப்படிச் செய்ததென்று
திருப்பாதிரிப்புலியூரில் சொல்வார்கள்.
அதற்குப் பாட்டு உண்டு.
எனக்கு இருந்தது ஒரு பிழைச்செய்தி.

கொம்பில்லாத சொற்களாய்ப் பொறுக்கி
மெனு எழுதிப் பார்த்தேன்.
கிளம்புவதற்கு 'நட'. சரி.
சோதனையில் இரண்டு இடத்தில் கொம்பு.
பழையதிலும் ஒன்று.
அணைப்பதற்குக் கொம்பில்லாமல்
கையில் கிடைத்த சின்னச் சொல்
'இற'.
மணி இரண்டரை.
நீலத்தில் அது வெள்ளையாய் மின்னியதைக்
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு
அழித்தேன்.

கடைசியில் எல்லாச் சொல்லையும் படமாகவே வரைந்தேன்.
படத்துக்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை.
ஆறு தன் கரைக்குத் திரும்பியது.

காலை நான்கு மணிக்கு
பென் டிரைவோடு ஆலைக்குப் போனேன்.
ஜுலைகா ரசீது போட உட்காரும் நேரம்.
எப்படி இருக்கு என்றேன்.
'வார்த்தைய யாரு படிக்கிறா?
மேலேர்ந்து மூணாவது.
கீழம்பு ரெண்டு தட்டு, என்டர்.
பழைய கர்னல்லதான் பிரின்டர் ஓடுது.'
அப்படியானால் அதையே முதலில் வைக்கிறேன் என்றேன்.
'வைக்காதீங்க.
ராத்திரி ஷிப்டு மோசசுக்கு முதல் வரி வேணும்,
அதுலதான் கேமரா.'
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள்.
ஐஸ் அள்ளிய விரல்கள்
வெளுத்து, மடங்க மறுத்தன.
'அஞ்சு விநாடிக்குள்ள
இதுங்க வர மாட்டேங்குது.
அதுக்குள்ள அது பாட்டுக்குக் கிளம்பிடுது.
மறுபடி அணைச்சு, மறுபடி போட்டு...
வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.'

மூன்று இரவு நான் எட்டிப்பார்க்காத வரி
கோப்பின் தலையிலேயே இருந்தது.
ஐந்துக்கு முன்னால் ஓர் ஒன்றைத் தட்டினேன்.

அது
சொன்ன இடத்தில், முன்னால்,
நின்றது.